புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கை எப்படிப் பூட்டுவது

பாஸ்வேர்டு என்ற சொல்லையே ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்தைப் பெரியதாகப் போட்டு, ஏ வரும் இடத்தில் 'அட்' குறியும் ஓ வரும் இடத்தில் சுழியமும் வையுங்கள். எட்டு எழுத்து வரும். பெரியது, சிறியது, எண், குறியீடு நான்கும் இருப்பதால் பல சிஸ்டங்கள் இதை மறுக்காது. 2018இல் சிங்ஹெல்த் என்ற பொதுச் சுகாதாரக் குழுமத்தில் நடந்த தகவல் திருட்டில், சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் சிட்ரிக்ஸ் சர்வர் (வேறிடத்திலிருந்து செயலிகளைத் திறக்க உதவுவது) ஒன்றில் நிர்வாகி கணக்குக்கு இருந்த மறைச்சொல் இதுதான்.

ஊடுருவியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2017 ஆகஸ்டிலேயே உள்ளே வந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்களை எடுத்துப் போனார்கள். அவர்களில் சுமார் 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போது பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங்கின் விவரங்களைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார்கள். இவ்வளவு திறமைசாலிகள் பயன்படுத்திக்கொண்டவை என்ன என்று விசாரணைக் குழுவின் 2019 ஜனவரி அறிக்கையில் பார்த்தால், எல்லாம் பழகிய ஓட்டைகள். புதுப்பிக்காத மின்னஞ்சல் மென்பொருள், ஊகித்துவிடக்கூடிய மறைச்சொல், சர்வருக்கும் நோயாளி தரவுத்தளத்துக்கும் இடையே தேவையில்லாமல் திறந்திருந்த ஓர் இணைப்பு.

மருத்துவத் துறையில் ஓட்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகின்றன. வேலை தடையில்லாமல் ஓட வேண்டும் என்று யாரோ ஒன்றைத் திறந்துவைக்கிறார்கள், பிறகு யாரும் மூடுவதில்லை. பெரிய மருத்துவமனைகளுக்கு இதையெல்லாம் கவனிக்க பொதுச் சுகாதாரத் துறையின் ஐடியை நடத்தும் சினாப்ஸ் போன்ற நிறுவனமும் தனிக் குழுக்களும் இருக்கின்றன. இரண்டு டாக்டர், மூன்று உதவியாளர், மாதம் ஒருமுறை வந்துபோகும் ஐடி வெண்டர் என்று நடக்கும் பேட்டைக் கிளினிக்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அங்கே உண்மையான முதலாளி வரிசைதான். வரிசையைத் தாமதப்படுத்தும் எந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் ஒரு வாரம் தாங்காது. ஊழியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 80 நோயாளி, ஒவ்வொருவருக்கும் இருமுறை ஆள் மாறி லாகின் செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் 20 விநாடி என்றால் ஏறக்குறைய 53 நிமிடம். அந்த நேரத்தை யார் தருவார்கள்? அதனால்தான் திங்கள் காலை ஒன்பது மணிக்கு எந்த கவுண்டரில் நின்றாலும் இதைக் கேட்கலாம்: "அக்கா, லாக் அவுட் பண்ணாதீங்க, அப்படியே விடுங்க, உங்க பேர்லயே இவங்களப் பதிஞ்சிடுறேன்."

கவுண்டர்

பொது லாகினை ஒழிக்க வேண்டும் என்றால் தனி லாகினை அதைவிட வேகமானதாக ஆக்க வேண்டும். விண்டோஸ் கணக்கு வேறு, கிளினிக் மென்பொருளின் கணக்கு வேறு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கவுண்டர் கணினியில் விண்டோஸ் கணக்கு பொதுவாக இருந்தாலும் பாதகமில்லை, ஆனால் அது எந்த மென்பொருளையும் நிறுவ முடியாத சாதாரணக் கணக்காக இருக்க வேண்டும். கிளினிக் மென்பொருளுக்குள் மட்டும் ஆளுக்கு ஒரு கணக்கு கட்டாயம். ஒவ்வாமைக் குறிப்பை யார் மாற்றினார், விலையை யார் திருத்தினார், யாருடைய பதிவை யார் திறந்தார் என்பதெல்லாம் அங்கேதான் பதிவாகிறது. பல மென்பொருள்களில் ஆள் மாறுவதற்குக் குறுக்குவழியோ அட்டையைத் தட்டும் வசதியோ கைரேகையோ இருக்கும். யாரும் கேட்காததால் வெண்டர் அதை இயக்கிக் கொடுத்திருக்க மாட்டார். கேளுங்கள். 20 விநாடி 3 விநாடியாகக் குறைந்தால் யாரும் அக்காவின் பெயரைக் கடன் வாங்க மாட்டார்கள்.

தானாகப் பூட்டும் நேரத்தை எல்லாக் கணினிக்கும் ஒரே அளவாக வைப்பது இன்னொரு தவறு. கவுண்டரில் இரண்டு நிமிடம் என்று வைத்தால், மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கும் கருவியை யாராவது ஷாப்பியில் வாங்கிவிடுவார்கள். ஊழியர் எப்போதும் உட்கார்ந்திருக்கும் கவுண்டருக்கு 10 நிமிடம் போதும். ஊசி போடும் அறையிலும் மருத்துவர் அறையிலும் நோயாளி தனியாக உட்கார்ந்திருக்க நேரும் என்பதால் அங்கே 2 அல்லது 3 நிமிடம். விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் ஒருசேர அழுத்தும் பழக்கத்தை முதலில் டாக்டர்கள் கற்றுக்கொள்ளட்டும். பூட்டாமல் எழுந்து போவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அடுத்தது நிர்வாகி கணக்கு. கணினிகளை அமைத்துக் கொடுக்கும் வெண்டர் எல்லாவற்றுக்கும் ஒரே நிர்வாகி மறைச்சொல்லை வைப்பது வழக்கம். சில நேரம் அவருடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அதேதான். ஒரு கணினியில் அது கசிந்தால் அத்தனையும் திறந்துவிடும். விண்டோஸில் இதற்கென்றே லேப்ஸ் என்ற வசதி இலவசமாக உள்ளது. ஒவ்வொரு கணினிக்கும் தனி மறைச்சொல் உருவாக்கி, குறித்த நாளில் அதுவே மாற்றிவிடும். ஆனால் கணினிகள் நிறுவனத்தின் கணக்குகளையும் கணினிகளையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ராவிலோ ஆக்டிவ் டைரக்டரியிலோ சேர்ந்திருக்க வேண்டும். நான்கு கணினி மட்டும் தனித்தனியாக ஓடும் இடம் என்றால், நான்குக்கும் வெவ்வேறாக, 16 எழுத்துக்குக் குறையாமல் வைத்து, மறைச்சொல் நிர்வாகச் செயலியில் பூட்டி வையுங்கள். அன்றாட வேலைக்கு அந்தக் கணக்கை யாரும் தொடக்கூடாது, கிளினிக் உரிமையாளரான டாக்டர் உட்பட.

மின்னஞ்சலுக்கு இரண்டாம் உறுதிப்பாடு (மறைச்சொல்லுக்கு மேல் கைபேசிக் குறியீடோ சாவியோ கேட்பது) இல்லாமல் இன்று ஒரு கிளினிக் இயங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தை முடக்கியவர்கள், இரண்டாம் உறுதிப்பாடு இல்லாத ஒரு தொலைநுழைவு வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். கவுண்டரில் வரும் சிக்கல் வேறு: ஒரே மின்னஞ்சல் முகவரியை மூவர் பார்ப்பார்கள், குறியீட்டு எண் ஒருவருடைய கைபேசிக்கு வரும், அவருக்கு அன்று விடுமுறை. உடனே இரண்டாம் உறுதிப்பாட்டை எடுத்துவிடுவார்கள். அந்த முகவரியைப் பகிர்வு அஞ்சல்பெட்டியாக மாற்றினால் அதற்கென்று மறைச்சொல்லே தேவையில்லை. அவரவர் தம் கணக்கில் நுழைந்து அதைத் திறக்கலாம். சொந்தக் கைபேசியில் செயலி போட விரும்பாத ஊழியருக்கு யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி வாங்கிக் கொடுங்கள். சில பத்து வெள்ளிதான். உபரி ஒன்று பெட்டகத்தில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பைத் தடைசெய்யும் சுற்றறிக்கைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. புண்ணின் படத்தை இன்னொரு டாக்டருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது நோயாளிக்கு நல்லதுதான். படம் கைபேசியின் கேலரியில் தானாகச் சேமிக்கப்பட்டு, அங்கிருந்து கூகல் ஃபோட்டோஸுக்கு ஏறி, வீட்டு டிவியில் குடும்பப் படங்களோடு ஓடுவதுதான் ஆபத்து. தானாகச் சேமிப்பதை நிறுத்துங்கள், செய்திகள் மறையும் காலத்தை 7 நாளாக வையுங்கள், அடையாள அட்டை எண்ணை அனுப்பாதீர்கள். ஆனால் எல்லா அடையாளத்தையும் எடுத்துவிட்டால் ஆள் மாறிப்போகும். கிளினிக் மென்பொருளின் பதிவு எண்ணைப் படத்தோடு அனுப்பினால் போதும். வெளியாருக்கு அது வெறும் எண்.

கருவிகள்

அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே, ஈசிஜி. இவற்றுக்குள் ஓடுவது பெரும்பாலும் பழைய விண்டோஸ். உற்பத்தியாளர் சோதித்து அனுமதிக்காமல் புதுப்பித்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதால் யாரும் கை வைப்பதில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு மென்பொருள்) பிரிட்டிஷ் மருத்துவமனைகளை முடக்கியபோது, அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. திருத்த முடியாத கருவியைத் தனியே பிரித்து வைப்பதுதான் வழி.

ரௌட்டரில் நான்கு விலேன் (ஒரே நெட்வொர்க்கை ஒன்றையொன்று எட்டாத பகுதிகளாகப் பிரிப்பது) போதும்: கவுண்டரும் டாக்டர் அறைகளும் ஒன்று, மருத்துவக் கருவிகள் ஒன்று, சிசிடிவியும் பணம் கட்டும் நெட்ஸ் கருவியும் ஒன்று, நோயாளிகளுக்கான வைஃபை ஒன்று. இதில் கருவிகளின் விலேனை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பாதியில் கைவிடும் இடம் அதுதான்.

எக்ஸ்ரே கருவி படத்தைப் படச் சர்வருக்கு அனுப்புவது டைகாம் என்ற மருத்துவப் படப் பரிமாற்ற முறையில். வழக்கமான போர்ட் (இணைப்பு நுழையும் வாசல் எண்) 104 அல்லது 11112. இதில் மறைச்சொல் என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. 'ஏஇ டைட்டில்' என்ற பெயர் சரியாக இருந்தால் கதவு திறந்துவிடும். அந்தப் பெயரும் உற்பத்தியாளர் வைத்ததாகவே இருக்கும். அதனால் ஃபயர்வாலில் 'இந்தக் கருவியிலிருந்து இந்தச் சர்வருக்கு, இந்த ஒரு போர்ட்' என்று மட்டும் அனுமதித்து, இணையத்துக்குப் போகும் வழியை அடைத்துவிடுவார்கள். படம் போகும், எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் டாக்டர் பழைய படத்தைத் திறக்கப் பார்த்தால் வராது. காரணம் இதுதான்: சி-மூவ் என்ற டைகாம் கட்டளையில் படத்தைக் கேட்கும்போது, கேட்ட இணைப்பிலேயே படம் திரும்பி வராது. படச் சர்வர் தானாக ஒரு புது இணைப்பைத் திறந்து டாக்டரின் கணினிக்கு அனுப்பும். அந்த எதிர்த்திசைக்குத் தனி அனுமதி வேண்டும். இது தெரியாத வெண்டர் வரிசை நீள்வதைப் பார்த்துப் பதறி, 'யாரும் யாரோடும் பேசலாம்' என்று ஒரு விதி போட்டுவிட்டுப் போவார். அந்த ஒரு வரியோடு நான்கு விலேனும் ஒன்றாகிவிடும். ஃபயர்வால் விதிகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இருபக்கமும் 'எனி' (யாராக இருந்தாலும்) என்று இருக்கும் வரி ஒன்று இருந்தால் செலவழித்த பணம் வீண்.

இன்னொன்று கடிகாரம். இணையத்தை அடைத்ததும் கருவியின் நேரம் மெல்ல விலகும். சில மாதங்களில் எக்ஸ்ரே எடுத்த நேரமும் மருத்துவக் குறிப்பின் நேரமும் ஒத்துப்போகாது. ரௌட்டரையே நேரச் சர்வராக அமைத்து, கருவிகள் அதனிடம் நேரத்துக்கான போர்ட்டான யூடிபி 123இல் நேரம் கேட்க அனுமதியுங்கள்.

புதுக் கருவி வாங்கும்போது கேட்க வேண்டியதை இப்போது எளிதாகக் கேட்கலாம். சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்பு மருத்துவக் கருவிகளுக்கென்று நான்கு நிலை பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தை 2024 அக்டோபரில் தொடங்கியது. எந்த நிலை, எத்தனை ஆண்டு வரை திருத்தங்கள் வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

வெண்டர்

தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க்கோ டீம்வியூவரோ ஆள் இல்லாதபோதும் நுழையும்படி அமைக்கப்பட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். வெண்டர் அழைக்கட்டும், ஊழியர் செயலியைத் திறந்து அனுமதிக்கட்டும், முடிந்ததும் மூடட்டும். ரௌட்டரில், வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து, விண்டோஸ் தொலைநுழைவுக்கான 3389 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் சர்வரின் லாகின் திரை உலகத்துக்கே தெரிகிறது என்று பொருள். 2019 மார்ச்சில் 800,000க்கும் மேற்பட்ட ரத்த நன்கொடையாளர்களின் விவரம் வெளிப்பட்டதற்குப் பெரிய சதி எதுவும் காரணம் இல்லை. சுகாதார அறிவியல் ஆணையத்தின் வெண்டர் ஒருவர் அதை இணையத்தில் திறந்திருந்த சர்வரில் வைத்துவிட்டார். சோதனைக்கு என்று நிஜ நோயாளி விவரங்களைக் கேட்கும் வெண்டருக்குப் பொய்ப் பெயர்களைக் கொடுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லோக்கம் (தற்காலிக) டாக்டரோ பகுதிநேர உதவியாளரோ கடைசி நாளன்று மூட வேண்டியவை: கிளினிக் மென்பொருள், மின்னஞ்சல், கார்ப்பாஸ் (அரசாங்க மின்சேவைகளுக்கான நிறுவன லாகின்) பொறுப்பு, பரிசோதனைக்கூட வலைவாசல், வாட்ஸ்அப் குழு, வைஃபை மறைச்சொல். கடைசி இரண்டைத்தான் எல்லாரும் மறப்பார்கள். எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரம் கசிந்தது 2019இல் வெளியானபோது, அதில் ஊடுருவலே இல்லை, பதிவேட்டைத் திறக்க அனுமதி பெற்ற ஒருவர் வழியாகத்தான் கசிந்தது என்பதை நினைவில் வையுங்கள். வாரம் ஒருமுறை, அன்று வருகையே இல்லாத நோயாளிகளின் பதிவுகளை யார் திறந்தார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்தால் போதும். பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே பக்கத்து வீட்டுக்காரரின் பதிவைத் திறக்கும் ஆர்வம் அடங்கிவிடும்.

நகல்

ரேன்சம்வேர் வந்த இடங்களில் 'பேக்கப் இருக்கிறது' என்ற பதில் கிட்டத்தட்ட எப்போதும் உண்மைதான். திரும்ப ஏற்ற முடிகிறதா என்பதில்தான் சிக்கல்.

கவுண்டர் கணினியில் இசட் டிரைவ் என்று தெரியும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில் நகல் இருந்தால், கவுண்டர் கணினியைப் பிடித்த ரேன்சம்வேர் அதையும் பிடிக்கும். ஒன்டிரைவ் போன்றவை பூட்டப்பட்ட கோப்பை அப்படியே மேலே ஏற்றிவிடும். அவற்றை நகல் என்று எண்ணாதீர்கள். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை இரவில் இழுத்து ஒட்டி வைப்பதும் நகல் ஆகாது. பாதி எழுதிய நிலையில் மாட்டினால் அது திறக்காது. தரவுத்தளத்தின் சொந்த பேக்கப் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதி இன்றும் சரி. கிளினிக்குக்கு அதன் நடைமுறை வடிவம்: தினமும் இரவு ஒரு நகல் சேமிப்புப் பெட்டிக்கு, அதன் மறைச்சொல் எந்தக் கவுண்டர் கணினியிலும் சேமித்திருக்கக் கூடாது. இன்னொன்று, குறித்த காலம்வரை அழிக்க முடியாதபடி பூட்டப்பட்ட மேகச் சேமிப்புக்கு. வாரம் ஒருமுறை குறிமறையாக்கிய வெளி ஹார்டு டிஸ்க்குக்கு. அதில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் கழற்றிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். எத்தனை நாள் நகல்களை வைத்திருப்பது? அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் 2021 மார்ச் 18 அன்று ஒருவர் திறந்த நச்சு எக்செல் கோப்பின் விளைவாக ரேன்சம்வேர் மே 14 அன்றுதான் வெடித்தது. எட்டு வாரம். இரண்டு வார நகல் மட்டும் வைத்திருப்பவரிடம் அந்த நிலையில் சுத்தமான சர்வர் நகல் ஒன்றுகூட மிஞ்சாது. தினசரி 30, மாதாந்திரம் 12 என்று வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு பிற்பகலில், வேறொரு கணினியில் நகலை ஏற்றிப் பாருங்கள். கண்ணை மூடி ஐந்து நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வாமை, கடைசி மருந்துச் சீட்டு, ஸ்கேன் செய்து வைத்த பரிந்துரைக் கடிதம் மூன்றையும் திறக்க வேண்டும். கடிதம் திறக்காது என்றே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பல மென்பொருள்களில் ஸ்கேன் கோப்புகள் தரவுத்தளத்துக்குள் இருப்பதில்லை, சர்வரில் தனி ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டரை நகலில் சேர்க்க யாருக்கும் தோன்றியிருக்காது. மென்பொருளின் அதே பதிப்பை நிறுவும் கோப்பும் உரிமச் சாவியும் கையில் இருக்கின்றனவா, மொத்தம் எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறித்துவையுங்கள். ஆறு மணி நேரம் ஆனால், அந்த ஆறு மணி நேரத்துக்குக் கிளினிக் எப்படி ஓடும் என்பதே அடுத்த கேள்வி.

அதற்கு ஒரு காகிதப் பெட்டி வேண்டும். பதிவுப் படிவம், மருந்துச் சீட்டு, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) புத்தகம், மருந்து விலைப்பட்டியல், பில் புத்தகம். படிவத்தின் மேலேயே 'எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?' என்ற கேள்வி கொட்டை எழுத்தில் இருக்கட்டும், சிஸ்டம் எச்சரிக்காத நாளில் ஆபத்து அங்கேதான். 2023 நவம்பர் 1 அன்று பொது மருத்துவமனைகளின் இணையச் சேவைகள் காலை முதல் மாலை வரை முடங்கின. போலிப் போக்குவரத்தைக் கொட்டி ஃபயர்வாலைத் திணறடித்த தாக்குதல் அது; நோயாளிப் பதிவுகள் பத்திரமாகவே இருந்தன. உங்கள் மென்பொருள் மேகத்தில் ஓடுகிறது என்றால், ஃபைபர் அறுந்த நாளும் உங்களுக்கு அப்படிப்பட்ட நாள்தான். சிம் போட்ட ஒரு 5ஜி ரௌட்டர் தயாராக இருக்கட்டும்.

முதல் ஒரு மணி நேரம்

திரையில் மிரட்டல் செய்தி வந்ததும் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கணினியை அணைக்காதீர்கள், நினைவகத்தில் இருக்கும் தடயங்கள் போய்விடும். திரையைக் கைபேசியில் படம் எடுங்கள். பெட்டகத்தில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை உடனே செருகிப் பார்க்க எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். செருகினால் மிச்சமிருந்த நல்ல பிரதியும் போச்சு. முதலில் அச்சடித்த தொலைபேசிப் பட்டியலை எடுங்கள்: வெண்டர், சிங்செர்ட் (இணையச் சம்பவங்களுக்கு உதவும் அரசாங்கக் குழு), போலிஸ், காப்புறுதி நிறுவனம். பட்டியல் மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் அன்று கிடைக்காது.

500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் கசிந்திருந்தாலோ, கசிவால் நோயாளிக்குப் பெரும் தீங்கு வரக்கூடும் என்றாலோ தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டிய கசிவுதான் என்று நீங்கள் மதிப்பிட்டு முடித்ததிலிருந்து 3 நாள், சனி ஞாயிறும் சேர்த்து. மதிப்பிடுவதை இழுத்தடித்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும். சிங்ஹெல்த் சம்பவத்துக்காக அந்த ஆணையம் விதித்த அபராதம் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி, அதன் ஐடி நிறுவனத்துக்கு 750,000 வெள்ளி. கிளினிக்குகள் செய்ய வேண்டியவற்றைச் சுகாதார அமைச்சு 2023 டிசம்பரில் வழிகாட்டிக் குறிப்புகளாக வெளியிட்டது. 2025 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த சுகாதாரத் தகவல் மசோதா பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சட்டக் கடமையாகவே வைத்தது.

சிங்ஹெல்த்தில் 2018 ஜூலை 4 அன்று விநோதமான தேடல்களைக் கவனித்து நிறுத்தியவர் ஒரு தரவுத்தள நிர்வாகி. விஷயம் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குப் போனது ஜூலை 10 அன்று. ஜூனிலேயே சிலர் சந்தேகப்பட்டிருந்தார்கள். மேலே சொன்னால் கேள்விமேல் கேள்வி வரும் என்ற தயக்கமும் தாமதத்துக்கு ஒரு காரணம். உங்கள் கிளினிக்கில் ஒரு தூண்டில் மின்னஞ்சலை அழுத்திவிட்ட உதவியாளர் அதை யாரிடம் சொல்வார்? படிவம் நிரப்பச் சொல்லாதீர்கள். ஒரு கைபேசி எண் போதும், அது கவுண்டர் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கட்டும். அழைத்தவரிடம் கேட்க வேண்டியவை இரண்டே: எந்தக் கணினி, எத்தனை மணிக்கு. ஏன் அழுத்தினாய் என்பதை அந்த வாரம் முழுக்கக் கேட்காமல் இருந்தால் அடுத்த முறையும் அழைப்பார்.